எடைச்சீட்டைத் திருத்தியவர் யார் என்று தெரியவில்லை: ஒரே கடவுச்சொல்லில் இயங்கும் அலுவலகத்தில் அனுமதிகளை எப்படிப் பிரிப்பது?

எடைமேடைக் கணக்கர், சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலைகளை வாங்கி ஆலைக்கு அனுப்பும் ஒரு குடும்ப நிறுவனத்தில் கணக்குப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எடைமேடை, கொள்முதல், சம்பளம், உரக்கடை ஆகிய நான்கு வேலைகளும் ஒரே வணிக மென்பொருளில்தான் நடக்கின்றன. அலுவலகத்தில் ஒன்பது பேர் இருக்கிறோம். ஒன்பது பேரும் 'அட்மின்' என்ற ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே நுழைகிறோம். எடைமேடை அறையில் உள்ள கணினித் திரையின் ஓரத்தில் அந்தக் கடவுச்சொல் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலும் அது அங்கேதான் இருந்தது.

சென்ற மாதக் கடைசியில் ஆலையின் எடைச்சீட்டுகளோடு எங்கள் கொள்முதலை ஒப்பிட்டபோது 900 கிலோ இடித்தது. ஒவ்வொரு சீட்டாகத் தேடி அதைக் கண்டுபிடித்தேன். லாரி ஓட்டுநரிடம் இருந்த இளஞ்சிவப்பு நகலில் மொத்த எடை 7,560, வெற்று லாரியின் எடை 4,140, குலைகளின் எடை 3,420 கிலோ என்று அச்சாகியிருந்தது. கணினியில் அதே எண்ணுள்ள சீட்டைத் திறந்தால் மொத்த எடை 8,460 என்றும் குலைகளின் எடை 4,320 என்றும் இருக்கிறது. சீட்டு அச்சான பிறகு யாரோ அதைத் திறந்து எண்ணை மாற்றியிருக்கிறார்கள். அந்த 900 கிலோவுக்கும் சேர்த்துப் பணமும் கொடுத்துவிட்டோம். மாற்றப்பட்ட நேரம் மாலை 6.52 என்று மென்பொருளின் பதிவேடு காட்டுகிறது. மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் 'அட்மின்' என்று இருக்கிறது.

எடை போடும் சகோதரி எங்களிடம் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்பவர். அன்று 6.30 மணிக்கே பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்துவரப் போய்விட்டதாகச் சொல்கிறார். நான் அவரை நம்புகிறேன். ஆனால் அதை நிரூபிக்க அவரிடமும் ஒன்றுமில்லை, என்னிடமும் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அவர் மதிய உணவுக்கு எங்களோடு உட்காருவதில்லை.

ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்து அனுமதிகளைப் பிரிக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். "நம் பிள்ளைகள் மாதிரி இருப்பவர்களை நாமே சந்தேகப்படுவதா? பூட்டுப் போட ஆரம்பித்தால் மனம் கசந்துவிடும்" என்றார். அவர் நல்ல மனத்தோடு சொல்வதால் எனக்குப் பதில் தோன்றவில்லை. மேலும், எங்களிடம் ஐந்து பேருக்கான உரிமம்தான் இருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன்பு வேலையை விட்டுப் போன தம்பியின் கைப்பேசியில் எங்கள் மென்பொருள் இன்னும் திறக்கிறது என்பதும் இப்போதுதான் தெரியவந்தது. எங்கிருந்து தொடங்குவது, முதலாளிக்கு என்ன சொல்வது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

ஈப்போ தணிக்கையர்:

வணக்கம். உங்கள் முதலாளிக்கான பதில் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. அந்தச் சகோதரி 6.30 மணிக்குப் போனது உண்மையென்றால், அவர் பெயரில் ஒரு தனிக் கணக்கு இருந்திருந்தால், அவர் மீது ஒரு வார்த்தை விழாமல் இந்த விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பொதுப் பெயர் தவறு செய்தவரை மறைப்பது ஒரு பக்கம். தவறு செய்யாத எட்டுப் பேரையும் சந்தேகத்தின் கீழ் நிறுத்தி வைக்கிறதே, அது அதைவிடப் பெரிய கேடு. முதலாளி தம் பிள்ளைகளாக நினைப்பவர்களைக் காப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்லுங்கள். இருபது ஆண்டுகளாகச் சிறு நிறுவனங்களின் கணக்கைப் பார்த்து வருகிறேன். பொதுக் கடவுச்சொல்லால் வேலையை இழந்தவர்களில் குற்றம் செய்யாதவர்களும் இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அனுமதியைப் பிரிப்பதில் இரண்டு பழைய கருத்துகள் உங்களுக்கு உதவும். ஒருவருக்குத் தம் வேலையைச் செய்யத் தேவையான அளவு அனுமதி மட்டுமே இருக்க வேண்டும் என்பதைச் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் 1975இல் தெளிவாக எழுதிவைத்தார்கள். அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுத்து, ஆளை அந்தப் பொறுப்பில் அமர்த்த வேண்டும் என்ற முறையை அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெராயோலோவும் கூனும் 1992இல் வகுத்தார்கள். இன்று நீங்கள் வாங்கும் பெரும்பாலான வணிக மென்பொருள்களில் 'பயனர் குழு' என்று ஓர் இடம் இருப்பது அந்த முறையின் வழியில்தான். ஆகவே ஒன்பது பேருக்கும் தனித்தனியாக நூறு கட்டங்களில் குறியிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். எடை போடுபவர், கொள்முதல் எழுத்தர், சம்பள எழுத்தர், உரக்கடை விற்பனையாளர், மேற்பார்வையாளர் என்று ஐந்து பொறுப்புகளை உருவாக்குங்கள். ஒருவர் விடுப்பில் போனால் அவருடைய கடவுச்சொல்லை மற்றவருக்குக் கொடுக்காமல், மற்றவரை அந்தப் பொறுப்பில் சில நாட்கள் சேர்த்துவிட்டு, பிறகு மறக்காமல் எடுத்துவிடுங்கள். எடைமேடையிலிருந்து கணக்குக்கு மாறியவருக்குப் பழைய அனுமதியும் ஒட்டிக்கொண்டே வருவதுதான் நான் எல்லா இடத்திலும் பார்க்கும் குறை.

எடைமேடையில் உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கண்டிப்பான விதி: சேமித்த சீட்டை யாரும் திருத்தக் கூடாது. எடை போடுபவர் புதிய சீட்டு எழுதலாம், அச்சிடலாம், பழையதைப் பார்க்கலாம். தவறு நேர்ந்தால் அந்தச் சீட்டை மேற்பார்வையாளர் காரணம் எழுதி ரத்துச் செய்ய வேண்டும். பிறகு புதிய எண்ணில் வேறு சீட்டு எழுத வேண்டும். ரத்தான சீட்டு அதே எண்ணோடு பட்டியலில் நிற்க வேண்டும், மறையக் கூடாது. உங்கள் 7,560 எப்படி 8,460 ஆனது என்பதை யோசித்துப் பாருங்கள். அது திருட்டாகவும் இருக்கலாம், வேறு லாரியின் சீட்டைத் திருத்தப்போய் எண் மாறித் திறந்த தவறாகவும் இருக்கலாம். ரத்துச் செய்யும் முறை இருந்திருந்தால், காரணம் எழுத வேண்டிய இடத்திலேயே அது வெளிப்பட்டிருக்கும்.

பணம் வெளியே போகும் இடங்களில் இரண்டு கைகள் கட்டாயம் வேண்டும். சிறுதோட்டக்காரரின் வங்கிக் கணக்கு எண்ணைப் பதிபவரும் அவருக்குப் பணம் அனுப்புபவரும் ஒருவராக இருக்கவே கூடாது. குலையின் அன்றைய விலையை நிர்ணயிப்பவர் எடைச்சீட்டைத் தொடக் கூடாது. ஒன்பது பேருள்ள அலுவலகத்தில் எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்க ஆள் போதாது என்பது எனக்குத் தெரியும். பிரிக்க முடியாத இடத்தில் முதலாளி தம் கண்ணால் பார்ப்பதே மாற்று வழி. வாரம் ஒரு முறை ரத்தான சீட்டுகள், மாற்றப்பட்ட வங்கி எண்கள், பின்தேதியிட்ட பதிவுகள் ஆகிய மூன்று பட்டியல்களை அச்சிட்டு அவர் கையெழுத்திடட்டும். கால்மணி நேர வேலை. அதோடு, முடிந்த மாதத்தின் கணக்கை மென்பொருளிலேயே பூட்டிவிடுங்கள். பெரும்பாலானவற்றில் அந்த வசதி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை.

ஓய்வுபெற்ற பெரிய கிராணி, கோலாகங்சார்:

தம்பி, கணினி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் உங்கள் முதலாளி தோட்டத்தைப் பார்த்தவராக இருந்தால் இதை அவருக்கு நினைவூட்டுங்கள். நான் வேலை பார்த்த தோட்டத்தில் காலைப் பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டிப் பெயர் வாசிக்கும் நேரத்தில், ஆள் கணக்கை மண்டோர் (கங்காணி) சொல்வார், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கிராணி (எழுத்தர்) பதிவார். சம்பள நாளன்று கிராணி பெயரை வாசிக்க, தோட்ட நிர்வாகியான துரை தம் கையால் பணத்தை எண்ணிக் கொடுப்பார். மண்டோர் வராத ஆளுக்குப் பெயர் போட்டால் கிராணியின் புத்தகத்தில் இடிக்கும். கிராணி பெயரைச் சேர்த்தால் மேசைக்கு முன்னால் ஆள் வந்து நிற்க வேண்டும். மூன்று பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டதாக நாங்கள் நினைத்ததே இல்லை. செக்ரோலில் எழுத்தைச் சுரண்டித் திருத்தக் கூடாது, கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதி, சிறு கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் அப்போதைய விதி. மேலே ஐயா சொன்ன ரத்துச்சீட்டு அதுவேதான். அந்தச் சகோதரியை மறுபடியும் உங்களோடு சாப்பிட உட்கார வையுங்கள், அதை முதலில் செய்யுங்கள்.

மென்பொருள் பொருத்துநர், தைப்பிங்:

வணக்கம். பேராக்கில் பல கடைகளுக்கும் எடைமேடைகளுக்கும் மென்பொருள் பொருத்திக் கொடுப்பவன் என்ற முறையில், மேலே சொன்னவற்றை நடைமுறைப்படுத்தும்போது எங்கே வழுக்கும் என்று சொல்கிறேன்.

முதலில் உரிமம். ஐந்து பேருக்கான உரிமம் என்றால் பல மென்பொருள்களில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் உள்ளே இருக்கலாம் என்று பொருள். ஐந்து பெயர்களைத்தான் உருவாக்கலாம் என்று பொருளல்ல. விற்றவரிடம் இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். செலவாகும் என்று பயந்தே பலர் பொதுப் பெயரில் தங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது எடை எப்படிக் கணினிக்குள் வருகிறது என்பது. எடைமேடையின் எண்காட்டியிலிருந்து கம்பி வழியாக நேரே வருகிறதா, அல்லது எண்காட்டியைப் பார்த்துக் கையால் தட்டுகிறார்களா? கம்பி வழியாக வந்தாலும், 'கையால் எடை பதிதல்' என்று தனியாக ஓர் அனுமதி இருக்கும். மழைக்காலத்தில் மின்னல் தாக்கிக் கம்பி பழுதான ஒரு நாளில் அதைத் திறந்துவிட்டிருப்பார்கள், பிறகு யாரும் மூடியிருக்க மாட்டார்கள். அதைத் தேடி மூடுங்கள். மேற்பார்வையாளர் மட்டும் திறக்கட்டும், கையால் பதிந்த சீட்டில் அதற்கான குறியும் அச்சாகட்டும்.

மூன்றாவது விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் மற்றவை எல்லாம் வீண். மென்பொருளுக்குள் எவ்வளவு நுணுக்கமாக அனுமதிகளைப் பிரித்தாலும், தரவுக் கோப்பு அலுவலகத்தில் எல்லோருக்கும் திறக்கும் பொதுக் கோப்புறையில் கிடந்தால், முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்தது போலத்தான். கோப்பை அப்படியே யூஎஸ்பியில் எடுத்துப்போய்விடலாம். சில மென்பொருள்களில் வேறு ஒரு கருவியால் திறந்து எண்ணையே மாற்றிவிடலாம், பதிவேட்டில் தடம்கூட விழாது. சர்வர் கணினியில் அந்தக் கோப்புறையின் பகிர்வை நிறுத்தச் சொல்லுங்கள். தரவுத்தளத்தின் தலைமைக் கடவுச்சொல், பொருத்திய நாளில் வந்த அதே சொல்லாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டால் எங்களைப் போன்றவர்கள் சற்றுத் தயங்குவோம், விடாதீர்கள். அதே மூச்சில், வெளியிலிருந்தே உங்கள் கணினியை இயக்க எங்களுக்காகத் திறந்துவைத்திருக்கும் எனிடெஸ்க் போன்ற தொலை இணைப்பையும் மூடுங்கள். பழுது பார்க்க வேண்டிய நேரத்தில் நீங்கள் திறந்துவிட்டால் போதும். இருபத்து நான்கு மணி நேரமும் எங்களுக்கு உங்கள் சர்வர் தேவையில்லை.

இனி வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கைத் தடை செய்யுங்கள், அழிக்காதீர்கள். சில மென்பொருள்களில் பயனரை அழித்தால் அவர் எழுதிய பழைய சீட்டுகளில் பெயர் வெறுமையாகிவிடும். வருமான வரிச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியிருக்கிறது, அதில் யார் எழுதியது என்ற தகவல் ஓட்டையாகப் போகக் கூடாது. உங்கள் இடத்தில் விட்டுப்போன தம்பியும் 'அட்மின்' என்றே நுழைந்ததால், இன்றே அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மாற்றிய பிறகு புதியதைக் காகிதத்தில் எழுதி, உறையில் இட்டு, மேலே முதலாளியும் நீங்களும் கையெழுத்திட்டு, இரும்புப் பெட்டியில் வையுங்கள். இனி முதலாளியும் அன்றாட வேலைக்குத் தம் சொந்தப் பெயரில் நுழையட்டும். உறை கிழிந்திருந்தால் யார், எதற்கு என்று எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாக, எடைமேடை அறையின் வேகம். குலை அதிகமாக வரும் மாதங்களில் மாலை நேரத்தில் லாரிகள் சாலைவரை நிற்கும்போது, ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் நீளமான கடவுச்சொல்லைத் தட்டச் சொன்னால் மூன்றாம் நாளே ஒருவர் கணக்கில் எல்லோரும் வேலை செய்வார்கள். அந்தக் கணினிக்கு மட்டும் ஆளுக்கு ஆறு இலக்க எண்ணோ, தொட்டுத் திறக்கும் அட்டையோ கொடுங்கள். ஐந்து நிமிடம் தொடாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும்படி வையுங்கள். மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்று என்று நெருக்கவும் வேண்டாம். கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் காலமுறைப்படி மாற்றச் சொல்லக் கூடாது என்று அமெரிக்கத் தேசியத் தர நிறுவனமே 2017இல் வழிகாட்டியிருக்கிறது. அடிக்கடி மாற்றச் சொல்லும் இடங்களில்தான் திரை ஓரத்தில் காகிதம் ஒட்டப்படுகிறது.

எடைமேடைக் கணக்கர், சுங்கை சிப்புட்:

மூவருக்கும் மிக்க நன்றி. பெரியவர் எழுதிய பெரட்டு விவரத்தை முதலாளியிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். அவர் தந்தையார் மண்டோராக இருந்தவர். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செய்" என்றார். தொலை இணைப்பு எங்கள் சர்வரில் இரவும் பகலும் திறந்தே கிடந்ததையும் பார்த்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். மின் விலைப்பட்டியலுக்காக வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ் தளத்தில் நுழைய முதலாளியின் அடையாள அட்டை எண்ணையும் கடவுச்சொல்லையும் மூன்று எழுத்தர்கள் பயன்படுத்துகிறார்கள். இதையும் பிரிக்க முடியுமா? சம்பளப் பகுதியை உரக்கடைத் தம்பிகளும் திறந்து பார்க்க முடிகிறது. அது அவ்வளவு பெரிய விஷயமா?

வரிக் கணக்கு உதவியாளர், ஈப்போ:

மைடேக்ஸ் கணக்கு தனிமனிதருடையது. அந்த எண்ணில் நுழைபவருக்கு முதலாளியின் சொந்த வருமான வரி விவரமும் திறக்கும் என்பதை அவரிடம் சொன்னால் அன்றே மாற்றச் சொல்வார். நிறுவனத்தின் இயக்குநர் தம் கணக்கிலிருந்து ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம். நியமிக்கப்பட்டவர் தம் சொந்த அடையாள அட்டை எண்ணில் நுழைந்து நிறுவனத்தின் சார்பில் வேலை செய்வார். மின் விலைப்பட்டியலுக்கான மைஇன்வாய்ஸ் தளத்திலும் பிரதிநிதிகளைச் சேர்த்து, யார் எதைச் செய்யலாம் என்று வரையறுக்க இடமிருக்கிறது. உறுதிப்படுத்தப்பட்ட மின் விலைப்பட்டியலை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்துச் செய்ய முடியும். ஆகவே ரத்துச் செய்யும் அனுமதியை எழுத்தர் மூவருக்கும் கொடுக்காமல் ஒருவருக்கும், அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவருக்கும் கொடுங்கள். ஒருவரிடம் மட்டும் விட்டால் அவர் திருவிழாவுக்கு ஊருக்குப் போன நாளில் 72 மணி நேரம் ஓடிவிடும்.

சம்பளப் பகுதி பெரிய விஷயம்தான். அதில் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, ஊழியர் சேமநிதி, சொக்சோ (ஊழியர் சமூகப் பாதுகாப்பு) எண்கள் எல்லாம் இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இவற்றைத் தகுந்த முறையில் காக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைக்கிறது. 2024இல் நிறைவேறிய திருத்தம், அந்தச் சட்டத்தின் தரவுப் பாதுகாப்புக் கொள்கைகளை மீறுவதற்கான உச்ச அபராதத்தை 3 லட்சம் வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 10 லட்சம் வெள்ளியாக உயர்த்தியது. கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவு நேர்ந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையை விட்டுப்போன ஒருவரின் கைப்பேசியில் ஒன்பது பேரின் சம்பளம் இரண்டு மாதமாகத் திறந்து கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கே பதைக்கிறது. பார்க்கும் அனுமதியோடு எக்செல்லுக்கு ஏற்றுமதி செய்யும் அனுமதியையும் தனியாகக் கவனியுங்கள். திரையில் பார்ப்பது ஒன்று, முழுப் பட்டியலையும் வீட்டுக்கு எடுத்துப்போவது வேறு.

எடைமேடைக் கணக்கர், சுங்கை சிப்புட்:

பத்து நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். சனிக்கிழமை கடைசி லாரி போன பிறகு மென்பொருள் விற்றவரை வரவழைத்து மாலை முழுவதும் உட்கார்ந்தோம். உரிமம் ஒரே நேரத்து ஐந்து பேருக்கானதுதான், கூடுதல் செலவு இல்லை. ஐந்து பொறுப்புகள் உருவாகிவிட்டன. பழைய கடவுச்சொல் மாறிவிட்டது, உறை இரும்புப் பெட்டியில் இருக்கிறது. 'கையால் எடை பதிதல்' திறந்தேதான் இருந்தது. எப்போது திறந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. பொதுக் கோப்புறை மூடப்பட்டது. தொலை இணைப்பையும் அவரைக் கொண்டே மூடவைத்தோம். முதலாளி தம் மைடேக்ஸ் கடவுச்சொல்லை மாற்றி, என்னையும் ஓர் எழுத்தரையும் பிரதிநிதிகளாக நியமித்திருக்கிறார்.

6.52 மணிக்கு நடந்தது என்ன என்பது தெரியாமலே போய்விட்டது. அந்தப் பொதுப் பெயருக்குப் பின்னால் யார் இருந்தார் என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. முதலாளி எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து, அந்தச் சகோதரி மீது நிறுவனத்துக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்றும், ஒரே பெயரில் எல்லோரையும் நுழையவிட்டது தம் தவறு என்றும் சொன்னார். இந்தத் திங்கட்கிழமை ரத்துச்சீட்டுப் பட்டியலை முதல் முறையாக அச்சிட்டோம். இரண்டு சீட்டுகள் இருந்தன. இரண்டும் அந்தச் சகோதரி எழுதி, மேற்பார்வையாளர் ரத்துச் செய்தவை. ஒன்றில் 'லாரி எண் மாறிவிட்டது' என்றும், மற்றொன்றில் 'ஓட்டுநர் இறங்கும் முன் எடை எடுக்கப்பட்டது' என்றும் காரணம் எழுதியிருந்தது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் வாசித்துவிட்டு, கீழே கையெழுத்திட்டார்.